ஆயுத பூஜை பெயிண்டுக்கு அடியில்

என்ன வேலை என்று யாராவது கேட்டால், “தூக்குகிற சாமான்களைப் பார்த்துச் சொல்கிற வேலை” என்பேன். கல்யாண மண்டபங்களில் இந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடும். பக்கத்து நாற்காலிக்காரர் பாயசத்தைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். எனக்கு அதில் வருத்தமில்லை. ஒரு சங்கிலியைப் பார்த்து, இது தாங்கும், இது தாங்காது என்று கையெழுத்துப் போடும் தகுதி இந்த மலையில் சிலருக்குத்தான் உண்டு. அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

குன்னூரில் இருந்துகொண்டு மலை முழுக்கச் சுற்றுகிறேன். தேயிலை பாக்டரிக்குள் நுழைந்தால் வெளியூர்க்காரர்கள் மூக்கை உறிஞ்சி வாசனை பிடிப்பார்கள். நான் தலையைத் தூக்கி விட்டத்தைப் பார்ப்பேன். கொழுந்து மூட்டையை மாடிக்கு ஏற்ற ஒரு கொக்கி, எந்திரத்தின் உருளையைக் கழற்றி மாட்ட இன்னொரு கொக்கி என்று ஏதாவது தொங்கிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது தகுதி உள்ளவர் இவற்றை முழுமையாகப் பரிசோதித்துச் சான்று தரவேண்டும் என்பது சட்டம். அதனால் எனக்கு ‘சர்டிபிகேட் மேடம்’ என்று பேர். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு. பரிசோதனை மேடம் என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை.

என் தொழிலில் சண்டை எல்லாம் ஒரே இடத்தில்தான் நடக்கும். பாதுகாப்புத் தரநிலைகளில் சில சோதனைகளைக் கட்டாயம் என்று போட்டிருப்பார்கள். சிலவற்றைப் பரிந்துரை என்று போட்டிருப்பார்கள். கட்டாயத்தைப் பற்றி யாரும் என்னிடம் வாதாடுவதில்லை. பரிந்துரை என்றதும் எல்லாருக்கும் நாக்கு நீண்டுவிடும். செய்யாவிட்டாலும் பரவாயில்லை என்பதைத்தான் நாகரிகமாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. தரநிலை எழுதியவர்கள் உலகத்தில் உள்ள எல்லாக் கொக்கியையும் நேரில் போய்ப் பார்க்க முடியாது. எல்லாருக்கும் பொதுவானதைக் கட்டாயமாக்கிவிட்டு, மற்றதை அந்த இடத்தில் நிற்கும் ஆளின் புத்திக்கு விட்டிருக்கிறார்கள். பரிந்துரையைச் செய்யாமல் விடலாம். ஆனால் ஏன் விட்டேன் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரிந்திருக்கவேண்டும்.

அதற்காகக் கண்டதை எல்லாம் செய்யச் சொல்கிற ஆளும் நான் இல்லை. நாடுகாணிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மேனேஜர் ரொம்பப் பயந்த சுபாவம். வருஷா வருஷம் தாங்கும் பாரத்துக்கு மேலேயே தொங்கவிட்டுச் சோதிக்கவேண்டும் என்று அடம்பிடிப்பார். நான் போய்ச் சேர்வதற்குள் உர மூட்டைகளை அடுக்கிவைத்து, “மேடம், எல்லாம் ரெடியாக்கி வெச்சிட்டுண்டு” என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லிச் சிரித்துக்கொண்டே நின்றார். அத்தனையையும் இறக்கச் சொன்னேன். பழுது பார்த்து மாட்டிய சாமானுக்கு அந்தச் சோதனை தேவை. நல்லபடியாக ஓடிக்கொண்டிருப்பதை வருஷா வருஷம் மூச்சு முட்ட இழுக்கவைத்தால், சோதனையே அதைக் கெடுத்துவிடும். நல்ல மாட்டை, நல்ல மாடுதானா என்று பார்க்க, தினமும் இரண்டு வண்டியில் பூட்டுவார்களா? அவருக்கு என் மேல் இன்னமும் மனத்தாங்கல்தான்.

இவ்வளவு நிச்சயமாகப் பேசுகிற எனக்கே ஒரு மத்தியானம் அந்த நிச்சயம் போய்விட்டது. பிக்கட்டிப் பக்கத்தில் ஒரு பாக்டரி. அப்போது ஆயுத பூஜை முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

அந்த முதலாளியின் குடும்பம் அவர் அப்பிச்சி, அதாவது தாத்தா, காலத்தில் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்தது. அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கித் தூளாக்குகிற பாக்டரி. மனிதர் படித்தவர், கெட்டிக்காரர், வாதாடுவதில் பிரியம் உள்ளவர். உண்மையைச் சொன்னால் அவரோடு சண்டை போட எனக்கும் பிடிக்கும். நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் வாசலுக்கே வந்துவிட்டார்.

“வாங்க மேடம். இந்தத் தடவ நானும் படிச்சிட்டுத்தான் உக்காந்திருக்கறனுங்க.”

செல்போனில் தரநிலை முழுவதையும் இறக்கி வைத்திருந்தார். கட்டாயம் என்று இருந்ததற்கெல்லாம் மஞ்சள், பரிந்துரைக்கெல்லாம் பச்சை. பரீட்சைக்குப் போகிற பெண்பிள்ளை மாதிரி நேர்த்தியாகப் பூசியிருந்தார்.

“மஞ்சள்ல ஒண்ணு உடாம முடிச்சாச்சுங்க. பச்சை எல்லாம் ரெக்கமெண்டேஷன். அது நமக்கு வேண்டாமுங்க. கொழுந்து கொட்டிட்டிருக்குது. உருளைய மாத்தி இன்னைக்கே ஓட்டோணும்.”

எந்த உருளை என்று சொல்லிவிடுகிறேன். பல் வெட்டிய இரண்டு இரும்பு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். அவற்றின் நடுவே இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு வெளியே வரும். பல் மழுங்கினால் உருளையைத் தூக்கி எடுத்து லேத்தில் கொடுத்துத் தீட்டவேண்டும். ஒரு உருளை எருமை கனம் இருக்கும். அதைச் சங்கிலியில் தொங்கவிட்டு இறக்கும்போது, முனை அதன் பள்ளத்தில் சரியாகப் போய் உட்கார ஒரு ஆள் கையால் பிடித்து நகர்த்திக் கொடுப்பார். அந்தக் கொஞ்ச நேரம் அவருடைய இரண்டு கைகளும் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கும். கொக்கி விட்டுவிட்டால் கை போகும். குனிந்து நின்றால் ஆளே போவார்.

அங்கே அந்த ஆள் பிட்டர், எந்திரங்களைக் கழற்றி மாட்டிப் பழுது பார்ப்பவர். ஐம்பது வயது இருக்கும். தாய் தகப்பன் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். வீட்டில் கேட்டு வளர்ந்த அந்தப் பேச்சு இவரிடமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. புரியவில்லை என்று சொல்லமாட்டார், விளங்கல என்பார். பாக்டரியில் எந்த எந்திரம் இருமினாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும்.

கொக்கி இருந்த கோலத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சங்கிலிக்கு வெள்ளிப் பெயிண்ட், கொக்கிக்கு மினுமினுக்கும் சிவப்பு. வளைவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். கழுத்தில் காய்ந்துபோன செவ்வந்தி மாலை. நீலகிரியில் ஆயுத பூஜைக்கு எந்திரங்களுக்குப் பெயிண்ட் அடிக்காத பாக்டரியை நான் பார்த்ததில்லை. இந்தப் பிட்டர் வஞ்சனை இல்லாமல், ஒன்றுக்கு மூன்றாகப் பூசியிருந்தார். விரிசல் என்ன, பள்ளத்தாக்கே இருந்தாலும் அதற்குள் மறைந்துவிடும்.

“கொக்கியில இருக்கற பெயிண்ட எடுக்கணுமுங்க” என்றேன். “எடுத்துட்டு, சாயம் போட்டு விரிசல் பாக்கணும்.”

முதலாளி செல்போனை நீட்டினார். “விரிசல் டெஸ்ட் பச்சையில வருதுங்களே. பெயிண்ட உரிக்கோணும்னு எங்கீங்க போட்டிருக்குது?”

“முழுமையாப் பரிசோதிக்கணும்னு மஞ்சள்ல போட்டிருக்குதல்லங்க? அதுலதான் போட்டிருக்குது. இப்ப நான் பரிசோதிச்சா பெயிண்டத்தான் பரிசோதிக்கணும். பெயிண்ட் அருமையா இருக்குது. வேணும்னா அதுக்கு ஒரு சர்டிபிகேட் தர்றேன்.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்தால் பாதி ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். ஒப்புக்கொள்ளாதவர் பிட்டர்தான்.

“பூசைக்கு வச்ச பெயிண்ட் மேடம். அடுத்த பூசை வரைக்கும் சுரண்டக் கூடாது. தானா உதிர்ந்தா உதிரட்டும். சாமி கும்பிட்டு வச்ச பொட்ட யாராவது அழிப்பாங்களா?”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த இடத்தில் கையெழுத்து, சட்டம் என்று அதிகாரம் பேசினால் காரியம் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் பூஜை அன்று வைத்த புத்தகத்தை மறுநாள் எடுத்துப் படிக்கும்வரை தொடமாட்டோம். “சாமிகிட்ட உத்தரவு கேட்டுட்டுத் தொடலாங்க. கற்பூரம் இருக்குதா?” என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு போய் எடுத்து வந்தார். சங்கிலியோடு எல்லாவற்றையும் கீழே இறக்கிக் கற்பூரம் காட்டினோம். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அதன் பிறகுதான் பெயிண்ட் உரிக்கிற மருந்தைத் தடவினேன்.

வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று பிட்டர் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று தடுத்தேன். கிரைண்டர் ஓட்டினால் இரும்பு இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும், பிறகு எந்தச் சாயமும் உள்ளே போகாது. துணியால் துடைத்துத் துடைத்து வளைவு முழுவதையும் வெறும் இரும்பாக்கினோம். அன்றைக்கு வெளியே எதிரில் இருப்பவர் தெரியாத அளவுக்குப் பனி. அந்தக் குளிரில் சாயம் சோம்பேறியாகிவிடும், விரிசலுக்குள் இறங்காது. இலையை உலர்த்தும் ட்ரையருக்குப் பக்கத்தில் கொக்கியைக் கொண்டுபோய் வைத்து, கை பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருந்தோம். சமவெளியில் இந்த வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது.

சிவப்புச் சாயம் பூசி, ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளை மருந்தை அடித்தேன். விரிசல் இருந்தால் உள்ளே போன சிவப்பு வெள்ளையின் மேல் கசிந்து கோடாக வரும். மூவரும் குனிந்து பார்த்தோம். வளைவு சுத்தமாக இருந்தது, மாவு பூசின மாதிரி. எனக்கு மனசுக்குள் நிம்மதிதான். கொக்கி கெட்டுப்போக வேண்டும் என்று நான் ஒருபோதும் வேண்டிக்கொண்டதில்லை.

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க” என்றார் முதலாளி. வெளியே கொழுந்து லாரி ஹாரன் அடித்தது. “மாட்டிரலாங்களா?”

மாட்டியிருக்கலாம். ஆனால் கொக்கியின் வாயில் இருந்த தடுப்புத் தகட்டில் என் கண் நின்றுவிட்டது. உருளையைக் கட்டித் தூக்கும் கயிறு கொக்கியிலிருந்து நழுவாமல் இருக்க, ஸ்பிரிங் வைத்த சின்ன மூடி ஒன்று வாயில் இருக்கவேண்டும். இதில் இருந்தது புத்தம் புதியது, கொக்கியின் வயசுக்குப் பொருந்தாதது. அது போய்ச் சேரும் கழுத்துப் பகுதியில் பெயிண்ட் இன்னும் அப்படியே இருந்தது.

“இந்த மூடி எங்கீங்க வாங்குனது?”

பிட்டரின் முகம் மலர்ந்தது. “வாங்கல மேடம். நானே செஞ்சது. பழசு உடஞ்சு போயிருந்துச்சு.”

“மூடி இருக்கோணும்னு மஞ்சள்ல போட்டிருந்துச்சுங்க. பூஜைக்கு முன்னாடியே செஞ்சு முடிச்சிட்டோம்” என்றார் முதலாளி. அவருக்கும் பெருமைதான்.

“எப்படி ஒட்டுனீங்க?”

“வெல்டிங் மேடம். கழுத்துல ரெண்டு காது வச்சு, வெல்டிங் பண்ணி, மேல பட்டி தடவி இழைச்சுட்டேன். எந்த இடம்னே விளங்காது.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று கேட்டிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கொக்கி என்பது அடித்து வளைத்து, சூடேற்றி ஆறவைத்துப் பக்குவப்படுத்திய இரும்பு. பாரம் அதிகமானால் முதலில் வாய் விரிந்து காட்டும், நாம் தப்பித்துக்கொள்ளலாம். அதில் வெல்டிங் நெருப்பு பட்டால் அந்த இடத்தில் பக்குவம் கெட்டு, வளைகிற இரும்பு பட்டென்று ஒடிகிற இரும்பாகிவிடும். கொக்கியில் வெல்டிங் கூடாது என்பதும் அதே தரநிலையில் கட்டாயமாகவே இருக்கிறது, சில பக்கங்கள் தள்ளி. அவர் மஞ்சள் பூசிய மை அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை. ஒரு கட்டாயத்தை நிறைவேற்றப்போய் இன்னொரு கட்டாயத்தை உடைத்திருந்தார்கள், இரண்டு பேரும், நல்ல மனசோடு.

அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். முதலாளி இரண்டு முறை படித்தார். அவரிடம் எனக்குப் பிடித்தது இதுதான், தோற்றால் தோற்றதை ஒப்புக்கொள்வார். பக்கத்து பாக்டரிக்குப் போன் போட்டு, இன்றைக்கு வரும் கொழுந்தை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். தன் கொழுந்தைப் போட்டிக்காரர் வாசலுக்குத் திருப்பிவிடுவது இங்கே சின்ன விஷயமில்லை. புதுக் கொக்கி எடுத்துவர ஒரு வண்டியைக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்.

என் வேலை அதோடு முடிந்தது. வெல்டிங் இருக்கிறது என்ற ஒன்றே போதும், கொக்கி செல்லாது. கழுத்தில் விரிசல் இருக்கிறதா இல்லையா என்று இனிமேல் பார்க்கவேண்டியதில்லை. கட்டாயமும் இல்லை, பரிந்துரையும் இல்லை. பையை மூடிக்கொண்டு கிளம்பியிருக்கலாம்.

அப்போது பிட்டர் கொக்கியை எடுத்துத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

“எங்கீங்க கொண்டுபோறீங்க?”

“ஸ்டோர்ல வச்சிக்கிறேன் மேடம். புதுசு வர நேரமானா அவசரத்துக்கு ஆகும். சட்டம் வேணாங்குது, சரி. ஆனா இது நான் வச்ச வெல்டிங். பாறைய உடச்சாலும் இது உடையாது. பூசைக்கப்புறம் இதுலதான் இன்னொரு உருளைய மாத்தினோம். ஒண்ணும் ஆகலயே.”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது, கோபத்தின் அடியில் பயம். கட்டாயம் என்று சொன்னால் இந்த மனிதர் கேட்பார், ஆனால் நம்பமாட்டார். நான் கிளம்பிப் போன பிறகு, புதுக் கொக்கி வராத ஒரு நாளில், தன் கைவேலையை நம்பி இதையே மாட்டுவார். மாட்டிவிட்டு, இரண்டு கைகளையும் உருளைக்கு அடியில் கொடுப்பார்.

“இன்னொரு தடவ சாயம் போட்டுப் பாக்கலாமுங்க. கழுத்துல” என்றேன்.

“அதான் வேண்டாம்னு முடிவாயிருச்சல்லங்க? இனி எதுக்குங்க டெஸ்ட்டு?” என்றார் முதலாளி. அவர் கேட்டது சரிதான். தரநிலையில் அதற்குப் பதில் இல்லை.

“இது உங்களுக்கில்லீங்க. இவருக்கு.”

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு நிச்சயம் போனது அப்போதுதான். வெல்டிங் வைத்த இடமெல்லாம் உடனே விரிசல் விட்டுவிடாது. வெள்ளைப் பூச்சு சுத்தமாக நின்றால், பார்த்தீங்களா என்பார் இவர், அதற்குப் பிறகு நான் எந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினாலும் பயனில்லை. என் கையாலேயே அவருடைய நம்பிக்கைக்குச் சான்று கொடுத்தது மாதிரி ஆகிவிடும். வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் கைகளைப் பார்த்தேன், மருந்தை எடுத்துத் தடவினேன்.

பெயிண்ட் உரிந்தது. பட்டி கட்டிகட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் வெல்டிங் தெரிந்தது. அழகான வெல்டிங், அதைச் சொல்லத்தான் வேண்டும். மறுபடி ட்ரையர் பக்கம் வைத்துச் சூடாக்கினோம். சாயம் போட்டு, இம்முறை தாராளமாகவே ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெள்ளையை அடித்தேன்.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிட்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு வெல்டிங்கின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தன. கழுத்தைச் சுற்றி மயிரிழைக் கோடு ஒன்று மெல்ல ஊறி வந்தது.

பிட்டர் கட்டைவிரலால் அந்தக் கோட்டை அழுத்தித் துடைத்தார். வெள்ளையும் சிவப்பும் விரலோடு வந்தன.

“இன்னொருக்கா அடிங்க மேடம்.”

அடித்தேன். அதே இடத்தில் அதே கோடு வந்தது.

அவர் ஒரு கள்ளிப்பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “அன்னைக்கு உருளைய இறக்கறப்ப முனை உக்காரல மேடம்” என்றார். “ரெண்டு கையையும் உள்ள குடுத்து, தோளையும் குடுத்துத் தள்ளினேன். ரொம்ப நேரம் அப்படியே நின்னேன்.”

முதலாளி அவர் தோளில் கை வைத்தார். செல்போன் அடித்தது, அவர் எடுக்கவில்லை. நான் சொன்னது சரியாகப் போய்விட்டது என்ற சந்தோஷம் அந்த நேரத்தில் துளியும் இல்லை. இந்த ஆள் முழுசாக உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் மனசில் இருந்தது.

சிறிது நேரம் கழித்துப் பிட்டர் எழுந்தார். கொக்கியை ஸ்டோருக்குக் கொண்டுபோகவில்லை. வெளியே கொட்டகைக்கு எடுத்துப்போய்க் கல்லின் மேல் வைத்தார். அதைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு கேஸ் கட்டரைப் பற்றவைத்து, தான் வெல்டிங் வைத்த அதே இடத்தில் அதை இரண்டு துண்டாக வெட்டினார்.